ரெண்டு இன்ஜின் இருக்கு, பயமில்லை!

நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வருகிறவனிடம் ஆபீஸில் எல்லோரும் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். கன்னியாகுமரியில் சூரியோதயம், திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை. எனக்கும் கொடுத்தார்கள். அஞ்சுகிராமம் அந்தப் பட்டியலில் இல்லை. நானும் போவதாக இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"லே மக்கா, நாளைக்கு ஒனக்கு லீவுதானே? ஒரு இன்ஜினைத் தூக்கணும். ஒரு கை கொறையுது."

பாளையங்கோட்டையில் என்னோடு பி.காம். படித்தவன். மூன்று வருஷம் ஹாஸ்டலில் என் சோப்பைத் தன் சோப்பாகவே பாவித்தவன். டிகிரி முடிந்ததும் நான் ஆபீஸுக்குப் போனேன், அவன் அப்பாவோடு கடலுக்குப் போனான். இன்றைக்கு அவனிடம் ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. என்னிடம் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது.

நானோ தஞ்சாவூர் பக்கம். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போனதில்லை. இருந்தாலும் 'ஒரு கை குறைகிறது' என்று ஒருத்தன் சொன்ன பிறகு எப்படி மறுப்பது? சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

சுசீந்திரம் கோபுரத்தைத் தாண்டி, மயிலாடியில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே போகிற ரோடு அது. மயிலாடியில் சாமி சிலைகள் கண் திறக்காமல் ரோட்டோரம் வெயிலில் நிற்கும். அதுவரைக்கும் வயலும் தென்னையுமாக இருந்த நாஞ்சில் நாடு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மனசு மாறுகிறது. பனை வருகிறது. காற்றாலை வருகிறது. ஒன்றிரண்டு அல்ல, எண்ண ஆரம்பித்தால் ஸ்டாப்பைக் கோட்டை விடுவீர்கள். நான் விட்டேன்.

'அஞ்சு கிராமம் என்றால் எந்த அஞ்சு?' என்று டீக்கடையில் கேட்டேன். ஒரு பெரியவர் ஐந்து பெயர் சொன்னார். பக்கத்து பெஞ்ச்காரர் அதில் மூன்றை மாற்றினார். டீ மாஸ்டர் மிச்ச இரண்டையும் மாற்றினார். மட்டிப்பழம் ரெண்டு வாங்கிக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டேன். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இந்த ஊருக்கு நேரடியாகக் கடல் கிடையாது. சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு நட்டு வேண்டுமென்றாலும், ஒரு நல்ல சட்டை வேண்டுமென்றாலும், பஸ் வேண்டுமென்றாலும் இங்கேதான் வர வேண்டும். என் நண்பனின் வள்ளம் நிற்கிற கூட்டப்புளி திருநெல்வேலி மாவட்டம். அவன் மெக்கானிக் இருக்கிற அஞ்சுகிராமம் கன்னியாகுமரி மாவட்டம். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் எல்லை இது. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் குமரி மாவட்டம் நம் பக்கம் சேர்ந்தது. அதற்கு முன்னால் என்றால் எங்கள் இன்ஜின் ஒரு ராஜ்ஜியத்தில் கெட்டுப்போய் இன்னொரு ராஜ்ஜியத்தில் வைத்தியம் பார்த்திருக்கும்!

லோடு ஆட்டோவில் இன்ஜின் வந்து இறங்கியது. சிமென்ட் மூட்டையைவிடக் கொஞ்சம் கம்மியான எடை. ஆனால் சிமென்ட் மூட்டைக்கு விசிறி கிடையாது. முதல் தூக்கலிலேயே என் முழங்காலில் அது ஒரு கையெழுத்துப் போட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. படகுக்கு வெளியே, பின்பக்கப் பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற இன்ஜின் இது. சர்க்கார் மானிய விண்ணப்பத்தில் இதன் பெயர் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்'. கடற்கரையில் அப்படிச் சொன்னால் உங்களை ஏதோ அதிகாரி என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். இதை உலகத்துக்குப் பிரபலப்படுத்தியவர் ஓலே எவின்ரூட் என்ற நார்வே வம்சத்து அமெரிக்கர். 1906-ல் ஒரு வெயில் நாளில் காதலி ஐஸ்க்ரீம் கேட்டாராம். மனுஷன் ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டு போய் வாங்கி வருவதற்குள் அது பாயசமாகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் யோசித்ததுதான் என்று ஒரு கதை உண்டு. 1909-ல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். அதற்குள் காதலி மனைவியாகி, கணக்கு வழக்கு, விளம்பரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். நம் காதல்களில் இன்ஜின்கூட வராது, வட்டிதான் வரும்.

நம் தென்கரைக்கு இது பரவலாக வந்தது 1980-களில். அதுவரை பாயும் துடுப்பும்தான். இப்போது பல வள்ளங்களில் இரண்டு இன்ஜின். என் நண்பன் வள்ளத்திலும் இரண்டு. இடது பக்கம் உழைப்பாளி, வலது பக்கம் ஸ்பேர். தூக்கி வந்தது உழைப்பாளியை.

பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் லேத். நடுவில் தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம். இன்ஜினை அதன் விளிம்பில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். கடலே டிரம்முக்குள் வந்துவிட்ட மாதிரி குமுறும். மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். எல்லோருக்கும் அண்ணாச்சி. கையைத் துடைத்துக்கொண்டே பேசுவார், கை மட்டும் சுத்தமாகவே ஆகாது.

"அண்ணாச்சி, இது போதும். தேஞ்சு போச்சு. இதக் கொடுத்துட்டு புதுசு ஒண்ணு எடுக்கலாம்னு பாக்கேன்" என்றான் நண்பன். "ஸ்பேர் கெடக்கு. அது புதுசு மாதிரி. ஓடவே இல்ல."

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு மீட்டரைச் சொருகி, கயிற்றை நாலு தடவை இழுத்தார். மேல் சிலிண்டருக்கு ஒரு நம்பர், கீழ் சிலிண்டருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவான நம்பர். பிஸ்டன் மேலே வரும்போது காற்றை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதன் கணக்கு அது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் காற்று நழுவிவிடும், நம்பர் விழும். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ சமாசாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் எறங்கியிருக்கு. வயசாயிருக்கு, அவ்வளவுதான். நோவு இல்ல" என்றார். "சிலிண்டரை லேத்துல கொடுத்து ஒரு நூல் கடைஞ்சு, கால் மில்லி பெரிய பிஸ்டன், புது ரிங் போட்டா இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்."

மனுஷனுக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முதல் தடவை கால் மில்லி, அடுத்த தடவை அரை மில்லி. அதற்கப்புறம் சுவர் மெலிந்துவிடும், கடைய முடியாது.

மண்ணெண்ணெயில் ஓடுகிற இன்ஜின்கள் இவை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோல். மறந்துவிட்டால் கார்புரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கிவிடும், மறுநாள் காலையில் கயிறு கையோடு வரும், இன்ஜின் வராது. மண்ணெண்ணெய் மலிவு, ஆனால் கரி அதிகம். குளிர வைப்பதற்குக் கடல் தண்ணீரையே உள்ளே இழுத்து வெளியே பீச்சுகிறது. பின்னால் மெல்லிசாக ஒரு தாரை வரும். அது வருகிறதா என்று கடற்கரையில் கேட்கிற விதத்தைப் பத்திரிகையில் எழுத முடியாது. குழந்தைகளைக் கேட்கிற அதே கேள்விதான்.

எல்லாம் முடிந்து டீ வந்த பிறகு அண்ணாச்சி கேட்டார். "அது கெடக்கட்டு... மத்தது கடைசியா எப்பம் ஓடிச்சு?"

"அது ஸ்பேர் அண்ணாச்சி."

"ஸ்பேர்னா ஓடப்பிடாதா? எப்பம் கயிறு இழுத்தே?"

நண்பன் டீயைப் பார்த்தான். "போன செவ்வாக்கெழம."

"எத்தனை இழுப்பு?"

"...நாப்பது. அம்பதுகூட இருக்கும்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், உழைப்பாளி இருமி நின்றிருக்கிறது. கச்சான் காற்று. கடலோட்டத்துக்கு இவர்கள் மொழியில் நீவாடு என்று பெயர். அன்றைக்கு அது வெளியே இழுத்திருக்கிறது. வள்ளத்தில் இவனும் மச்சினனும், பதினெட்டு வயதில் தம்பி ஒருவனும். ஸ்பேரின் கயிற்றை மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் இழுத்தும் அது 'புர்' என்றுகூடச் சொல்லவில்லை. கடைசியில் உழைப்பாளியே கொஞ்சம் ஆறி, மனசு இரங்கி, கிளம்பி, தத்தித் தத்திக் கரை சேர்த்திருக்கிறது.

"வீட்டுல சொல்லலை" என்றான். என்னைப் பார்த்து, "நீயும் சொல்லாத" என்றான்.

அவன் அக்காவை மேற்கே ஒரு கடற்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அத்தான் போன படகு திரும்பவில்லை. இது எனக்குத் தெரியும். அதனால் நானும் டீயைப் பார்த்தேன்.

அண்ணாச்சி திட்டவில்லை. "மத்ததையும் கொண்டா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை ஸ்பேர் வந்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. போட்டிருந்த கவர்கூடப் புதுசு. அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் வைத்தார். தண்ணீரை இழுக்கிற பம்பின் ரப்பர் விசிறி, ஒரே பக்கமாக மடங்கி அப்படியே விறைத்துவிட்டிருந்தது. கார்புரேட்டருக்குள் பழைய எண்ணெய் அல்வா பதத்தில் இருந்தது. தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் உப்பு. கீழ் சிலிண்டரில் துரு. கிராங்க் பேரிங்கைச் சுற்றினால் மணலை மெல்லுகிற சத்தம்.

"ஓடித் தேயறதுக்கு மருந்து இருக்கு. ஓடாமத் தேயறதுக்கு மருந்து கெடையாது" என்றார்.

எங்கள் ஆபீஸ் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. கரன்ட் போனால் மெழுகுவர்த்திதான் ஏற்றுவோம். எனக்கு அந்த நிமிஷம் அதன் முகம் ஞாபகம் வந்தது.

ஆக, நண்பன் போட்டு வைத்திருந்த திட்டம் தலைகீழாகிவிட்டது. உழைப்பாளியை விற்றுவிட்டுப் புதுசு வாங்கி, பளபளாவை ஸ்பேராகவே வைத்துக்கொள்வது அவன் கணக்கு. அண்ணாச்சி சொன்னது, பழையதைப் பழுது பார், பளபளாவை மாற்று. இதில் ஒரு சரித்திரப் பொருத்தமும் உண்டு. பக்கத்தில்தான் வட்டக்கோட்டை. 1741-ல் குளச்சலில் தோற்றுப்போன டச்சுக் கேப்டன் டிலனாயை மார்த்தாண்ட வர்மா தள்ளிவிடவில்லை. பழுது பார்த்து, தன் படைக்கே தளபதியாக்கி, கோட்டைகளைக் கட்டச் சொன்னார். வட்டக்கோட்டையைத் திருத்திக் கட்டியதும் அந்த டிலனாய்தான். இதை நான் எடுத்துச் சொன்னபோது, "சார் நல்லா படிச்சிருக்காரு. அந்தப் பதினாலு ஸ்பானரை எடுங்க" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டையும் ஒண்ணா முடிச்சிக் கொடுத்திருங்க" என்று நண்பன் அவசரப்பட்டான். அதற்கும் மறுத்துவிட்டார். "ஒரே நாளுல, ஒரே கையால ரெண்டையும் தொட மாட்டேன். நான் ஒண்ணுல தப்புப் பண்ணியிருந்தா அதே தப்பை ரெண்டுலயும் பண்ணியிருப்பேன். ஒண்ணு பத்து நாள் ஓடட்டும்."

இதை விமானக் கம்பெனிகள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டன. 1983 மே 5-ம் தேதி, மியாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குக் கிளம்பிய ஒரு அமெரிக்க விமானம். மூன்று இன்ஜின். பராமரிப்பில் மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள், ஆயில் கசியாமல் தடுக்கிற சின்ன ரப்பர் வளையங்களை மூன்றிலுமே போடவில்லை. கடலுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் நின்றன. முதலில் நிறுத்திய இன்ஜினை எப்படியோ மறுபடி கிளப்பி, அது ஒன்றை வைத்தே மியாமிக்குத் திரும்பி இறக்கிவிட்டார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். அண்ணாச்சிக்கு இந்தக் கதை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். "ரெண்டுக்கும் ஒரே கேன்லேர்ந்துதானே டியூப் போவுது?"

"ஆமா."

"அப்பம் ஒனக்கு ரெண்டு இன்ஜின் இல்ல, ஒண்ணுதான். எண்ணெயில தண்ணி கலந்திருந்தா ரெண்டும் சேர்ந்தே நிக்கும். தனிக் கேன் வை. வேற நாள், வேற கடையில வாங்குன எண்ணெய் ஊத்து."

எனக்கு ஒரு சந்தேகம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இரண்டு மடங்கு வேகமாகத் திரும்பி வந்துவிடலாமே? கேட்டுவிட்டேன். தண்ணீர் அப்படியெல்லாம் விடாது. வேகம் கூடக் கூடத் தண்ணீரின் தடுப்பு அதைவிட வேகமாகக் கூடும். இரண்டு மடங்கு குதிரைசக்தி போட்டால் ஏறக்குறைய கால்வாசி வேகம்தான் கூடும். எண்ணெய்ச் செலவு மட்டும் முழுசாக இரண்டு மடங்கு. அலையைத் தாண்டும்போது வேண்டுமானால் இரண்டும் ஓடலாம். அதிலும் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் இளங்காளையையும் கிழட்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டின கதை. புதுசு இழுக்கும், பழசு இரைக்கும், வள்ளம் ஒரு பக்கமாகவே போகும்.

எல்லாம் சரி, பணம்? புது இன்ஜின் லட்சத்துக்கு மேலே. மானியத்துக்கு எழுதிப் போட்டாலும் கைக்காசு வேண்டும். ராத்திரி கூட்டப்புளியில் அவன் வீட்டில் சாப்பாடு. சாளைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். நண்பன் என்னைக் கண்ணாலேயே எச்சரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வாயே திறக்கவில்லை.

அவன் மனைவிதான் திறந்தார். "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டா? செவ்வாக்கெழம கதையை ஒங்களுக்காவது சொன்னாங்களா?"

மச்சினன் அன்றைக்கு ராத்திரியே தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான்! பத்து நாளாக, அவன் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். உள்ளே போய்க் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொண்டுவந்து குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எங் கழுத்துல கெடந்து என்ன செய்யப்போவுது? ஒங்க அக்கா கழுத்துல இல்லாத சங்கிலியா?"

நண்பன் கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

நடுவில் பத்து நாள் அவன் ஆழத்துக்குப் போகவில்லை. சித்தப்பா மகனிடம் ஒரு இன்ஜின் இரவல் வாங்கி, கரையோரமாகவே வலை போட்டான். உழைப்பாளி புது பிஸ்டனோடு வந்தது. புதுசும் வந்தது. அதே கம்பெனி, அதே குதிரைசக்தி. அப்போதுதான் ஒரே பை ஸ்பேர் சாமான் இரண்டுக்கும் உதவும் என்பது அண்ணாச்சி கட்டளை. முதல் பத்து மணி நேரம் இரண்டுக்குமே ஆயில் கொஞ்சம் கூட, வேகம் கொஞ்சம் குறைவு. புதுசாகக் கடைந்ததும் புதுசும் ஒன்றுக்கொன்று பழக வேண்டுமாம். மாமியார் வீட்டு முதல் பத்து நாள் மாதிரி.

பிறகு வந்த சனிக்கிழமை வெள்ளோட்டம். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டை எனக்குப் போட்டு, பார்சல் மாதிரி கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். அலையைத் தாண்டும்போது அணியம் ஆகாயத்தைப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஒரு பக்கம் கூடங்குளத்துக் கும்பங்கள், இன்னொரு பக்கம் வெகு தூரத்தில் கன்னியாகுமரி. கரையெல்லாம் காற்றாலைகள் தீக்குச்சி அளவில் சுற்றிக்கொண்டிருந்தன.

கொஞ்ச தூரம் உழைப்பாளி ஓடியது. சத்தமே மாறியிருந்தது. இருமல் இல்லை. பின்னால் தாரை ஒழுங்காகப் பீச்சியது. திடீரென்று நண்பன் அதை அணைத்தான்.

ஒரே நிசப்தம். வள்ளம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. என் வயிற்றுக்குள் மட்டிப்பழமும் ஆடியது.

"ஏன்டா நிறுத்தினே?"

"போறதுக்கு ஒண்ணு, வாறதுக்கு ஒண்ணு. அண்ணாச்சி சட்டம். தெனம் ரெண்டும் ஓடியாகணும்." புதுசின் கயிற்றை என் கையில் கொடுத்தான். "நீ இழு."

"நானா? ஏன்?"

"நீ இழுத்து வந்தாத்தான் யாரு இழுத்தாலும் வரும்!"

முதல் இழுப்பு, கயிறு வந்தது. இரண்டாவது, கொஞ்சம் இருமியது. வள்ளத்தில் யாரும் பேசவில்லை. மச்சினன் மட்டும் தண்ணீர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் பார்த்திருப்பான் போலிருக்கிறது. மூன்றாவது இழுப்புக்கு நான் எழுந்து நின்று, ஒரு காலைப் பலகையில் ஊன்றி, ஹாஸ்டலில் திருட்டுப்போன சோப்புகளையெல்லாம் மனதில் நினைத்துக்கொண்டு இழுத்தேன்.

வந்துவிட்டது! இன்ஜினும் வந்தது, நானும் பின்னால் வலைக் குவியலில் போய் விழுந்தேன். அந்தப் பதினெட்டு வயசுத் தம்பி மட்டும் சிரிக்காமல், கையை நீட்டித் தாரை பீச்சுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சிரித்தான்.

கரையில் அவன் மனைவி நின்றிருந்தார். எந்த இன்ஜின் ஓடி வருகிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். "வலது" என்றார், நாங்கள் இறங்குவதற்கு முன்னால்.

சாயந்திரம் அஞ்சுகிராமத்தில் நாகர்கோவில் பஸ் பிடித்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் மூக்கைச் சுளித்து, என் காலடியில் குனிந்து, சீட்டுக்குக் கீழே தேடிப் பார்த்தார்.

"சார், மண்ணெண்ணெய் கேனெல்லாம் பஸ்சுல ஏத்தப்பிடாது."

"கேன் இல்லீங்க. நான்தான்" என்றேன்.